வுடி ஹேய்ஸ் விவாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஊரான கொலம்பஸில் சனிக்கிழமை ஃபுட்பால் ஆட்டம் பார்க்க நண்பர்கள் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கட்டத்தில் அந்த டீமின் பழைய கோச் வுடி ஹேய்ஸிடம் வந்து நிற்கும். ஒருவர் அவரைத் தெய்வம் என்பார். இன்னொருவர், "எதிர் டீம் பையனை அடித்த ஆள்தானே?" என்பார். புதிதாக இந்த ஆட்டத்தைப் பார்க்க வருபவர்கள் இரண்டையும் கேட்டுக் குழம்பிப் போகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் ஒஹாயோ ஸ்டேட் ரசிகன். அந்தப் பற்று பதில்களில் தெரியத்தான் செய்யும், ஆனால் எந்தத் தகவலையும் அதற்காக வளைக்கவில்லை.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க, இது ஹெல்மெட் போட்டு ஆடுற ஃபுட்பால்தானே? யார் இந்த வுடி?

ஆமாம், அமெரிக்கன் ஃபுட்பால்தான். அதிலும் கல்லூரி ஃபுட்பால். மாணவர்கள் ஆடும் ஆட்டம்தானே என்று நினைத்துவிட வேண்டாம். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அரங்கில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கோச்சின் பெயர் மாநில ஆளுநரின் பெயரைவிட ஊருக்கு நன்றாகத் தெரியும்.

வேய்ன் வுட்ரோ ஹேய்ஸ் 1913 பிப்ரவரி 14 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கிளிஃப்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா பள்ளிக்கூடங்களின் கண்காணிப்பாளர். ஹேய்ஸ் டெனிசன் பல்கலைக்கழகத்தில் படித்து, பள்ளி ஆசிரியராக இருந்து, இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்து கப்பலுக்குத் தலைமை தாங்கினார். போர் முடிந்ததும் முதலில் டெனிசனில் கோச்சாக இருந்தார். அப்புறம் ஒஹாயோவிலேயே இருக்கும் மயாமி பல்கலைக்கழகம் (ஃபுளோரிடாவின் மயாமி வேறு). 1951இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு வந்தவர் 1978 முடிய 28 சீசன்கள் அங்கேயே இருந்தார். 1987 மார்ச் 12 அன்று காலமானார்.

அப்படி என்ன சாதிச்சார்? கணக்கு மட்டும் சொல்லுங்க போதும்.

ஒஹாயோ ஸ்டேட்டில் 205 வெற்றி, 61 தோல்வி, 10 சமன். மற்ற இரண்டு கல்லூரிகளையும் சேர்த்தால் 238 வெற்றி, 72 தோல்வி, 10 சமன். ஒஹாயோ ஸ்டேட் ஆடும் பிக் டென் லீக்கின் பட்டம் 13 முறை. ரோஸ் பௌல் ஆட்டத்துக்கு 8 முறை போய் 4 முறை வென்றார் (பௌல் என்பது சீசன் முடிந்ததும் நடக்கும் சிறப்பு ஆட்டம்). பரம எதிரியான மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக மட்டும் 16 வெற்றி, 11 தோல்வி, 1 சமன். தேசியப் பட்டம் 5. அந்த ஐந்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது, அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

சிலர் அஞ்சு பட்டம்கிறாங்க, சிலர் அவ்வளவு இல்லங்கிறாங்க. எது சரி?

அந்தக் காலத்தில் தேசியப் பட்டத்துக்கு இறுதிப் போட்டி கிடையாது. பத்திரிகையாளர் வாக்கெடுப்பு, கோச்சுகள் வாக்கெடுப்பு, இன்னும் சில அமைப்புகள் என்று ஆளுக்கு ஒரு பட்டியல் வெளியிடுவார்கள். 1954, 1957, 1961, 1968, 1970 ஆகிய ஐந்து ஆண்டுகளையும் ஒஹாயோ ஸ்டேட் தன் கணக்கில் வைத்திருக்கிறது.

இவற்றில் 1968 பற்றி யாரும் வாயே திறக்க முடியாது. 10 ஆட்டம், 10 வெற்றி, ரோஸ் பௌலில் சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை 27-16 என்று வென்ற டீம், அதிலும் பாதிப் பேர் இரண்டாம் ஆண்டுப் பையன்கள். 1954உம் உறுதியானதுதான்: 10 வெற்றி, தோல்வியே இல்லை. 1957இல் முதல் ஆட்டத்திலேயே தோற்றாலும் கோச்சுகள் வாக்கெடுப்பில் முதலிடம். 1961 பட்டம் ஃபுட்பால் எழுத்தாளர்கள் சங்கம் கொடுத்தது. 1970 பட்டம்தான் பலவீனமானது. ரோஸ் பௌலுக்கு முன்பே கொடுத்துவிட்டார்கள், அந்த ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டிடம் 27-17 என்று தோற்றோம். அந்தக் காலத்து வழக்கப்படி ஐந்தும் செல்லும். ஆனால் ஐந்தும் ஒரே எடை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவரோட ஆட்டம் ரொம்ப போரா இருக்குமாமே? பந்தை எறியவே மாட்டாராமே?

பெரும்பாலும் ஓட்டம்தான். பந்தை ஏந்தி ஓடும் ஃபுல்பேக்கிடம் அதைக் கொடு, நடுவில் முட்டி மோதிப் போ, மூன்று யார்டு எடு, மறுபடியும் அதையே செய். இதை "மூன்று யார்டு, ஒரு புழுதி மேகம்" என்று சொல்வார்கள். பந்தை எறிந்தால் மூன்று விஷயம் நடக்கலாம் (நம் ஆள் பிடிக்கலாம், தரையில் விழலாம், எதிர் டீம் பிடிக்கலாம்), அதில் இரண்டு கெட்டது என்பதும் அவர் பெயரில் ஊரெல்லாம் சுற்றும் வாக்கு. வேறு கோச்சுகளின் பெயரிலும் அது சுற்றுகிறது.

போர் என்று சொல்பவர்கள் ஆர்ச்சி கிரிஃபின் ஓடியதைப் பார்க்கவில்லை என்றுதான் நினைப்பேன். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் கோப்பையை 1974, 1975 என்று இரண்டு முறை வென்றவர் அவர். இன்றுவரை இரண்டு முறை வென்ற ஒரே ஆள். 1972இல் முதலாண்டு மாணவனாக வந்து நார்த் கரோலினாவுக்கு எதிராக 239 யார்டு ஓடினார். உயரம் குறைந்த ஒரு பையனுக்கு முன்னால் ஐந்து பேர் வழி திறந்துகொண்டே போவதும், அவன் அந்த இடுக்கில் புகுந்து மறைவதும், எதிர் டீமுக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்தும் தடுக்க முடியாமல் போவதும் எனக்கு அலுக்கவே அலுக்காது.

மிச்சிகனோட என்ன அப்படி ஒரு பகை?

இரண்டு மாநிலங்களும் பக்கத்துப் பக்கம், இரண்டு டீம்களும் 1897 முதல் மோதுபவை. ஹேய்ஸ் அதைத் தனிப்பட்ட போராகவே எடுத்துக்கொண்டார். மிச்சிகன் என்ற பெயரைச் சொல்லாமல் "அந்த வடக்கு மாநிலம்" என்பார். 1968இல் ஆட்டம் கைக்குள் வந்த பிறகும், ஒரு டச்டவுனுக்குப் பின் (பந்தை எதிர் டீமின் கோட்டுக்குள் கொண்டுசேர்ப்பது) வழக்கமான ஒரு கூடுதல் புள்ளிக்குப் பதில் இரண்டு புள்ளிக்கு முயன்றார். அது கிடைக்கவில்லை, கடைசியில் 50-14. ஏன் இரண்டுக்குப் போனீர்கள் என்று கேட்டதற்கு, மூன்றுக்குப் போக விதியில் இடமில்லை என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, முயன்றது உண்மை.

மறு ஆண்டே மிச்சிகன், போ ஷெம்பெக்லரைக் கோச்சாக்கியது. மயாமியில் ஹேய்ஸிடம் ஆடியவர், ஒஹாயோ ஸ்டேட்டில் அவருக்கு உதவிக் கோச்சாக இருந்தவர். தொடர்ந்து 22 ஆட்டம் வென்று முதலிடத்தில் இருந்த குருவின் டீமை அந்தச் சீடர் 24-12 என்று சாய்த்தார். 1969 முதல் 1978 வரையான அந்தக் காலத்தைப் "பத்தாண்டுப் போர்" என்கிறார்கள். கணக்கு மிச்சிகன் பக்கம்: 5 வெற்றி, 4 தோல்வி, 1 சமன். அந்தச் சமன் 1973இல், 10-10. இரண்டு டீமும் தோற்காமல் வந்து மோதிய ஆட்டம். ரோஸ் பௌலுக்கு யார் போவது என்று லீக்கின் விளையாட்டு இயக்குநர்கள் வாக்களித்து ஒஹாயோ ஸ்டேட்டை அனுப்பினார்கள். மிச்சிகன்காரர்களிடம் இதைப் பற்றி இன்றைக்குப் பேச்செடுத்தாலும் முகம் மாறும்.

சரி, 1978ல என்னதான் நடந்தது?

1978 டிசம்பர் 29, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில், கேட்டர் பௌல் ஆட்டம். எதிரே கிளெம்சன். கடைசி நிமிடங்களில் கிளெம்சன் 17, ஒஹாயோ ஸ்டேட் 15. பந்து நம்மிடம், ஃபீல்ட் கோல் (பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) அடிக்கக்கூடிய தூரம் வரை வந்தாயிற்று. டீமின் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக், முதலாண்டு மாணவன் ஆர்ட் ஷ்லிக்டர் எறிந்த பந்தை கிளெம்சனின் சார்லி பௌமன் இடைமறித்துப் பிடித்து ஓடினார். எல்லைக்கோட்டுக்கு வெளியே அவரைத் தள்ளிய இடம் ஒஹாயோ ஸ்டேட் டீம் நின்ற பக்கம். பௌமன் எழுந்தார். 65 வயது ஹேய்ஸ் அவரைப் பிடித்துத் தொண்டைப் பக்கம் குத்தினார். தடுக்க வந்த சொந்த டீம் பையன் கென் ஃப்ரிட்ஸையும் விடவில்லை.

பந்து போனதோடு ஆட்டமும் போனது. மறுநாள் காலை விளையாட்டு இயக்குநர் ஹ்யூ ஹிண்ட்மன் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார், பல்கலைக்கழகத் தலைவர் ஹெரால்ட் எனார்சனின் ஒப்புதலோடு. ஹிண்ட்மனும் ஒரு காலத்தில் மயாமியில் ஹேய்ஸிடம் ஆடியவர்தான், பிறகு அவருக்குக் கீழே உதவிக் கோச்சாகவும் இருந்தவர். 28 ஆண்டுக் கதை ஒரே இரவில் முடிந்தது.

டிவியில அன்னைக்கு அதைப் பத்தி ஒண்ணுமே பேசலயாமே, மூடி மறைச்சாங்களா?

ஆட்டத்தை ஒளிபரப்பிய ஏபிசி டிவியில் வர்ணனை செய்தவர்கள் கீத் ஜாக்சனும் ஆரா பார்சீகியனும். இருவரும் ஒளிபரப்பில் அந்தக் குத்தைப் பற்றிச் சொல்லவில்லை, அதற்காக ஏபிசி கடுமையாக விமர்சிக்கப்பட்டது. பார்சீகியன் ஒரு காலத்தில் மயாமியில் ஹேய்ஸுக்குக் கீழே வேலை பார்த்தவர் என்பதால் சந்தேகம் இன்னும் வளர்ந்தது. அவர்கள் கவனிக்கவில்லை என்பதே அவர்கள் தரப்பு. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. எப்படியிருந்தாலும் கேமராவில் பதிவாகியிருந்தது, விடிவதற்குள் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

பாவம், வாழ்க்கையில ஒரே ஒரு தடவை கோபத்துல பண்ணினதுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்: ஒரே ஒரு தடவை என்பது உண்மையில்லை.

1971இல் மிச்சிகனிடம் 10-7 என்று தோற்ற ஆட்டத்தில், நடுவரின் முடிவு பிடிக்காமல் மைதானத்துக்குள் ஓடி, கோட்டோரம் இருந்த தூர அடையாளங்களைப் பிய்த்து எறிந்தார். 1973 ரோஸ் பௌலுக்கு முன் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரின் கேமராவை அவர் முகத்திலேயே தள்ளினார். அது வழக்கு வரை போய்ப் பிறகு கைவிடப்பட்டது. 1977இல் மிச்சிகனில் நம் டீம் பந்தை நழுவவிட்ட நொடியில், தன்னைப் படம்பிடித்துக்கொண்டிருந்த ஏபிசி கேமராமேனைக் குத்தினார். அதற்காக லீக் அவரை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. அது நடந்து சுமார் 13 மாதத்தில்தான் கேட்டர் பௌல்.

இவையெல்லாம் வெளியில் தெரிந்தவை. பயிற்சி மைதானத்தில் பையன்களை அடிப்பதும், தொப்பியைக் கிழிப்பதும், கைக்கடிகாரத்தைத் தரையில் அடித்து நொறுக்குவதும் வழக்கமாகவே இருந்தன. தொப்பியைக் கிழிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே பிளேடால் கீறி வைத்திருப்பார் என்று உடனிருந்தவர்கள் சொன்னதுண்டு. அதாவது சில கோபம் வேஷம், சில கோபம் நிஜம். எது எப்போது வரும் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியாது.

ஒவ்வொரு முறையும் பல்கலைக்கழகமும் ரசிகர்களும் "அவர் அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். வென்றுகொண்டிருந்தவரை அந்தக் கோபத்துக்கு வேகம், பிடிவாதம் என்று நல்ல பெயர்தான் கிடைத்தது. என் பார்வையில் இந்த விவாதத்தின் மையமே இதுதான். 1973இலோ 1977இலோ யாராவது அவரை உறுதியாக நிறுத்தியிருந்தால் பௌமனுக்கு அடி விழுந்திருக்காது, ஹேய்ஸும் இதைவிட நல்லபடியாக ஓய்வு பெற்றிருப்பார். அவரை நேசித்தவர்கள்தான் அவரைத் தடுக்கத் தவறினார்கள்.

அவருக்கு சர்க்கரை நோய் இருந்ததாம், அதனாலதான் அப்படி ஆச்சுன்னு சொல்றாங்களே?

சர்க்கரை நோய் இருந்தது உண்மை. 1974இல் மாரடைப்பும் வந்தது. உடல்நிலை அவர் பொறுமையைக் குறைத்திருக்கலாம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் மேலே சொன்ன 1971, 1973 சம்பவங்கள் மாரடைப்புக்கு முந்தியவை. அதற்கும் முன்னால் ஐம்பதுகளிலேயே அவர் முன்கோபி என்று பெயர் எடுத்தவர். நோயை மட்டும் காரணமாகக் காட்டினால் காலக்கணக்கு ஒத்துவரவில்லை.

அந்த கிளெம்சன் பையன் ஏதாவது சீண்டியிருப்பான் இல்ல? அப்புறம் மன்னிப்பாவது கேட்டாரா?

பதிவில் தெரிவது இவ்வளவுதான்: பௌமன் பந்தோடு எழுந்து நிற்கிறார், அடி விழுகிறது. அவர் சீண்டினார் என்று சொல்ல அந்தக் காட்சியில் எதுவும் இல்லை. அப்படியே வாய்விட்டு ஏதாவது சொல்லியிருந்தாலும், 65 வயதுக் கோச் ஒரு மாணவனைக் கைநீட்டி அடிக்க அது காரணமாகாது.

ஹேய்ஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் பக்கம் நின்று நான் பேச முடியாத இடம் இது. தோல்வியை வெறுக்கும் குணம்தான் தன்னைச் சிக்கலில் மாட்டியது, சாதாரணத் திறமை உள்ள தன்னை நல்ல கோச்சாக ஆக்கியதும் அதுதான் என்ற பொருளில் பின்னர் பேசினார். தன்னைப் பற்றிய கணிப்பாக அது சரியாக இருக்கலாம். பௌமனுக்குச் சேர வேண்டிய சொல் அதில் இல்லை. பௌமனோ இதை வைத்துப் பெயர் தேட முயலவே இல்லை. தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த பந்துப்பிடிப்பு, அடுத்தவரின் அவமானமாக மட்டுமே நினைவில் நிற்பது அவருக்கும் ஒரு இழப்புதான். ரசிகர்கள் அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசலாம்.

அன்னைக்கு ஜெயிச்சிருந்தா, இல்ல நல்லா ஆடிட்டு இருந்த வருஷமா இருந்தா நீக்கியிருப்பாங்களா?

கடினமான கேள்வி. அந்த ஆண்டு டீம் 7 வெற்றி, 4 தோல்வி, 1 சமன் என்று முடிந்தது. மிச்சிகனிடம் 1976, 1977, 1978 என்று தொடர்ந்து மூன்று தோல்வி, மூன்று ஆட்டத்திலும் ஒரு டச்டவுன்கூட இல்லை. 1977 சீசனின் சுகர் பௌலில் புகழ்பெற்ற கோச் பேர் பிரயன்ட்டின் அலபாமா டீம் 35-6 என்று நொறுக்கியிருந்தது. ஆக, அவரைப் பிடிவாதமாகக் காப்பாற்ற நினைப்பவர்களின் எண்ணிக்கை ஏற்கெனவே குறைந்திருந்தது.

இருந்தாலும் நீக்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். முந்தைய சம்பவங்களில் அடி வாங்கியவர்கள் புகைப்படக்காரர், கேமராமேன். இங்கே எதிர் டீமின் மாணவன், நேரடி ஒளிபரப்பில். அதைத் தாண்டிப் போக எந்தப் பல்கலைக்கழகத்தாலும் முடிந்திருக்காது. நீக்கியது சரியா என்று கேட்டால், சரிதான். மறுநாளே செய்ததும் சரிதான்.

நல்ல மனுஷன்னு சொல்ற கதைகள் எல்லாம் உண்மையா, இல்ல பின்னாடி சேர்த்ததா?

நிறைய உண்மை. மருத்துவமனைகளுக்குப் பத்திரிகையாளர் யாரையும் கூட்டிப் போகாமல் தனியாகப் போய் நோயாளிகள் பக்கத்தில் உட்காருவார் என்று கொலம்பஸில் சொல்பவர்கள் ஏராளம். வியட்நாம் போரின்போது அங்கே வீரர்களைப் பார்க்கப் பலமுறை போனார். திரும்பி வந்ததும் அந்தப் பையன்களின் வீடுகளுக்குப் போன் செய்து "உங்கள் மகனைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறான்" என்று சொல்லுவாராம். சம்பளத்தில் அவருக்கு ஆர்வமே இருந்ததில்லை. தனக்கு உயர்வு வேண்டாம், உதவிக் கோச்சுகளுக்குக் கொடுங்கள் என்பார். அவர் அளவு புகழ் உள்ள மற்ற கோச்சுகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாகவே வாங்கினார், கடைசிவரை எளிய வீட்டிலேயே இருந்தார்.

பையன்கள் படித்து முடிக்க வேண்டும் என்பதில் விடாப்பிடியாக இருந்தார். அவரிடம் ஆடிப் பின்னாளில் வக்கீலாகவும் டாக்டராகவும் ஆனவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ராணுவ வரலாறு அவருடைய பெரிய ஆசை, வகுப்பெடுக்கவே பிடிக்கும். முன்னாள் அதிபர் ரிச்சர்ட் நிக்சன் இறுதிச் சடங்கில் பேசும்போது, முதன்முதலில் சந்தித்தபோது தான் ஃபுட்பால் பற்றிப் பேச விரும்பியதையும், ஹேய்ஸ் வெளியுறவுக் கொள்கை பற்றிப் பேச விரும்பியதையும், கடைசியில் வெளியுறவுக் கொள்கை பற்றியே பேசியதையும் நினைவுகூர்ந்தார்.

எனக்குப் பிடித்தது 1986 பட்டமளிப்பு விழா. தன்னை நீக்கிய அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்துப் பேச அழைத்தது. எழுத்தாளர் எமர்சனின் கருத்து ஒன்றைச் சொன்னார்: உதவியவர்களுக்குத் திருப்பிச் செய்வது பெரும்பாலும் முடியாது, அடுத்து வருபவர்களுக்குச் செய்துவிடுங்கள். அவர் ஆண்டுக்கணக்கில் பையன்களிடம் சொல்லி வந்த சொல் அது. கொலம்பஸில் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் ஒன்று. இந்தக் கதைகளை 1978க்குப் பதிலாகச் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவரும் அவர்தான், அடித்தவரும் அவர்தான். ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க முடியாது.

விதியை மீறி பையன்களுக்குப் பணம் கொடுத்தாராமே?

கொடுத்தார், அதை அவரே சொல்லியும் விட்டார். கஷ்டத்தில் இருந்த ஆட்டக்காரர்களுக்குத் தன் கைக்காசைக் கடனாகக் கொடுத்ததாக 1955இல் ஒரு பத்திரிகையிடம் பேசினார். விசாரணை வந்தது. பையன்கள் சிலர் செய்யாத வேலைக்குச் சம்பளம் வாங்கியதும் அதில் தெரிந்தது. 1956இல் லீக்கும் கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பும் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு ஓராண்டுத் தண்டனை விதித்தன. இன்று ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகவே சம்பாதிக்கும் காலத்தில் இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அன்றைய விதிப்படி மீறல்தான், தண்டனையும் நியாயம்தான்.

1961ல ரோஸ் பௌலுக்குப் போகாம விட்டது அவரோட பிடிவாதமா?

இல்லவே இல்லை. அந்த ஆண்டு டீம் தோற்கவே இல்லை, போக எல்லாத் தகுதியும் இருந்தது. பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் மன்றம் 28-25 என்று வாக்களித்துப் பயணத்தைத் தடுத்தது. ஃபுட்பால் படிப்பை விழுங்குகிறது என்பது அவர்கள் கவலை. மாணவர்கள் தெருவில் இறங்கி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். நமக்குப் பதில் மின்னசோட்டா போனது.

ஹேய்ஸ் அன்று நடந்துகொண்ட விதத்தைத்தான் பார்க்கச் சொல்வேன். முடிவு தனக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வாக்களித்தவர்களின் நேர்மையை மதிப்பதாகவும் சொன்னார். மேலே பட்டியல் போட்ட சம்பவங்களின் அதே ஆள்தான் இவர். பெரிய ஏமாற்றத்தை அடக்கிக்கொள்ள அவருக்குத் தெரியும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் அது அவரால் முடியவில்லை.

கறுப்பின ஆட்டக்காரர்களை அவர் எப்படி நடத்தினார்?

அந்தக் காலத்துக் கோச்சுகளில் முன்னால் நின்றவர் என்றே சொல்லலாம். தெற்கு மாநிலக் கல்லூரிகள் பல கறுப்பின மாணவர்களை டீமில் சேர்க்காத ஐம்பதுகளில், ஜிம் பார்க்கர் இங்கே ஆடி 1956இல் நாட்டின் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரருக்கான அவுட்லேண்ட் கோப்பை வென்றார். 1968இல் ரூடி ஹப்பர்டை உதவிக் கோச்சாக எடுத்தார், ஒஹாயோ ஸ்டேட்டில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். அதே ஹப்பர்ட் 1978இல் ஃபுளோரிடா ஏ அண்ட் எம் டீமோடு தேசியப் பட்டம் வென்றார். 1973இல் கார்னீலியஸ் கிரீன் தொடக்க குவாட்டர்பேக் ஆனார். கறுப்பினப் பையன்களுக்கு அந்த இடத்தைத் தரப் பல கோச்சுகள் தயங்கிய நாட்கள் அவை.

வுடியா, ட்ரெஸலா, அர்பன் மெயரா? யார் பெரிய கோச்?

மற்ற இருவரும் பின்னாளில் ஒஹாயோ ஸ்டேட் கோச்சாக இருந்தவர்கள். வெற்றி விகிதம் பார்த்தால் மெயர்: 83 வெற்றி, 9 தோல்வி, மிச்சிகனிடம் ஒருமுறைகூடத் தோற்கவில்லை, 2014இல் தேசியப் பட்டம். ஜிம் ட்ரெஸல் 2002இல் பட்டம் வென்றார், மிச்சிகனை 10 ஆட்டத்தில் 9 முறை வீழ்த்தினார். (2010 வெற்றிகள் பிறகு பதிவிலிருந்து நீக்கப்பட்டன.) இருவருமே நிம்மதியாக விடைபெறவில்லை. ட்ரெஸல் 2011இல் ஆட்டக்காரர்களின் விதிமீறலை மறைத்த விவகாரத்தில் பதவி விலகினார். மெயர் 2018இல் மூன்று ஆட்டங்களுக்குத் தற்காலிக நீக்கம் பெற்றார், அந்த சீசனோடு ஓய்வும் அறிவித்தார்.

என் ஓட்டு ஹேய்ஸுக்குத்தான். காரணம் எண்ணிக்கை இல்லை. அவர் வந்த 1951இல் ஒஹாயோ ஸ்டேட்டை "கோச்சுகளின் சுடுகாடு" என்பார்கள், அதற்கு முந்தைய பத்தாண்டில் யாரும் நிலைத்ததில்லை. அங்கே 28 ஆண்டு நின்று, மற்றவர்கள் பின்னால் வந்து உட்கார்ந்த வீட்டைக் கட்டியவர் அவர். அவரிடம் உதவியாளராக இருந்த லூ ஹோல்ட்ஸ் 1988இல் நோத்ர டேம் பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தார். ஹேய்ஸின் இடத்துக்கு வந்த எர்ல் புரூஸும் அவரிடம் உதவிக் கோச்சாக இருந்தவர்தான், 1979இல் ரோஸ் பௌல் வரை தோற்கவே இல்லை.

அடிச்ச ஆளோட பேரை ரோட்டுக்கும் கட்டடத்துக்கும் வெச்சிருக்காங்களே, எடுத்திட வேண்டாமா?

அரங்கத்துப் பக்கம் போகும் வுடி ஹேய்ஸ் டிரைவும், ஃபுட்பால் டீமின் பயிற்சி மையமும் அவர் பெயரில் இருக்கின்றன. இருக்கட்டும் என்பதே என் கருத்து. பல்கலைக்கழகம் அவர் செய்ததை மறைக்கவில்லை, விலையையும் கொடுக்க வைத்தது. தண்டனை வாங்கியவரின் உழைப்பை அதன் பிறகு மதிப்பதில் தப்பில்லை. 1983இல் ஒஹாயோ ஸ்டேட் பேண்டு வாத்தியக் குழு மைதானத்தில் ஆங்கிலத்தில் "Ohio" என்ற எழுத்துகளாக நிற்கும்போது, 'i' எழுத்தின் புள்ளியாக நிற்கும் மரியாதையை அவருக்குக் கொடுத்தது. அரங்கமே எழுந்து நின்றது. நீக்கப்பட்டு ஐந்து ஆண்டு ஆகியிருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பயிற்சி மையத்துக்குள் வரும் ஒவ்வொரு பையனுக்கும் கோப்பைகளோடு சேர்த்து கேட்டர் பௌல் கதையையும் சொல்ல வேண்டும். பௌமன் பெயரையும் சேர்த்து.

மிச்சிகன் ரசிகர்கள் இவரைப் பத்தி என்ன நினைக்கிறாங்க?

நீங்கள் நினைப்பதைவிட மரியாதையாகத்தான். பெரும்பாலும் அதற்குக் காரணம் ஷெம்பெக்லர். களத்தில் பத்து ஆண்டு மோதினாலும் தன் குருவைப் பற்றி மதிப்போடுதான் பேசினார், ஹேய்ஸ் நீக்கப்பட்ட பிறகும் நட்பை விடவில்லை. மிச்சிகன்காரர்களோடு வாதம் செய்யப் போனால் 1978ஐ அவர்கள் எடுப்பார்கள், 1968இன் 50-14ஐ நீங்கள் எடுக்கலாம். 1973 வாக்கெடுப்பை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள், அந்தப் பேச்சு இரவு முழுக்கப் போகும்.